கஜா புயலில் அழிந்த 1958-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகலை எவ்வாறு தேடுவது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் எங்கள் தாத்தா 1958-ஆம் ஆண்டில் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நன்செய் வாங்கினார். அதன் கிரயப் பத்திரம் எங்கள் ஓட்டு வீட்டின் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிரித்தெறிந்த இரவில் பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. பட்டா இருக்கிறதே என்று அப்பா அப்போது ஆறுதல் கொண்டார். சென்ற ஆண்டு அவரும் காலமாகிவிட்டார்.

பட்டா இன்றும் தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் எங்கள் பெயரில் பட்டா வேண்டும் என்கிறார்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து 1975 முதல் வில்லங்கம் (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன்; எந்தப் பதிவும் வரவில்லை. இதைக் கண்ட ஒரு தரகர், மூலப் பத்திரம் இல்லாத நிலத்துக்கு மதிப்பே கிடையாது என்றும், பட்டாவை வைத்து என் பெயருக்கு ஒரு செட்டில்மென்ட் (தானப் பத்திரம்) எழுதிக்கொள்வதே வழி என்றும் சொல்கிறார். அம்மா மிகவும் கலங்கிப்போயிருக்கிறார். பத்திர எண் எங்களில் யாருக்கும் தெரியாது. தாத்தாவுக்கு அப்பாவைத் தவிர இரண்டு மகள்கள் உண்டு. தாத்தா 1983-இல் உயில் எழுதாமலே இறந்தார். பாட்டி 1996-இல் காலமானார். எனக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பத்திர எழுத்தர்:

தம்பி, முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அழிந்தது பத்திரத்தின் தாள்தான், பதிவு அழியவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்து பற்றிய கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்றவை பதிவாகும்போது அவற்றின் முழு வாசகமும் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் ஏறிவிடும். உங்கள் தாத்தாவின் காலத்தில் எழுத்தர் ஒருவர் பத்திரத்தை வரிக்கு வரி பார்த்துக் கையால் அந்தத் தொகுதியில் படியெடுத்திருப்பார். அந்தப் புத்தகத்தைப் பார்வையிடவும் சான்றிட்ட நகல் பெறவும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் 57-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த நகல் மூலப் பத்திரத்தின் வாசகத்தை மெய்ப்பிக்கச் சான்றாகும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது.

இணையத்தில் ஒன்றும் வராததில் வியப்பில்லை. நீங்கள் 1975-இலிருந்து தேடினீர்கள். கிரயமோ 1958-இல் நடந்தது. அதன்பின் தாத்தா நிலத்தை விற்கவுமில்லை, அடமானம் வைக்கவுமில்லை என்றால் பதிவு எதுவும் வராமலிருப்பதே இயல்பு. அதை நல்ல செய்தியாகவே கொள்ளுங்கள். பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுத்து, தேடுகூலி கட்டி, அட்டவணையைத் தேடச் சொல்ல வேண்டும். அட்டவணை இரண்டு வகைப்படும். முதலாவது எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களைக் கொண்டது. இரண்டாவது ஊரையும் சொத்தையும் கொண்டது. இரண்டிலும் தேடக் கேளுங்கள். பெயரை எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். கோவிந்தன் என்பது கோயிந்தன் என்றும், சுப்பிரமணியன் என்பது சுப்ரமண்யம் என்றும் ஏறியிருப்பதை நான் பல நூறு முறை கண்டிருக்கிறேன். விற்றவரின் குடும்பப் பெயர் ஊரில் முதியவர்களுக்கு நினைவிருந்தால் அதையும் மனுவில் சேருங்கள். வாங்கியவர் பெயரில் அகப்படாதது விற்றவர் பெயரில் அகப்படுவதுண்டு.

எந்த அலுவலகம் என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். 1958-இல் உங்கள் ஊர் பழைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாயின. இடையிடையே புதிய சார்பதிவகங்கள் தோன்றிச் சில ஊர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியுள்ளன. இன்று உங்கள் ஊர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்ததோ, பழைய தொகுதி அங்கேதான் இருக்கும் என்று கருத முடியாது. அக்கம்பக்கத்து நிலக்காரர் எவரிடமாவது 1950-களில் பதிவான பத்திரம் இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். புத்தகம், தொகுதி, பக்கங்கள், எண், ஆண்டு ஆகியவற்றோடு அலுவலகத்தின் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். அவர் வாங்கியதற்கு அதுவும் ஒரு துணைச் சான்று.

தரகர் சொன்ன வழியில் தயவுசெய்து போகாதீர்கள். தாத்தா பெயரிலுள்ள நிலத்தை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ள முடியாது. அப்படி ஒரு தாளை உண்டாக்கிவிட்டால், இப்போது சுத்தமாக இருக்கும் வில்லங்கத்தில் நீங்களே ஒரு குழப்பத்தைப் பதித்தவராவீர்கள்.

அரசலாறு:

எங்கள் குடும்பமும் இதே நிலையில் இரண்டாண்டுகள் அலைந்தது. எங்களைத் தடுமாற வைத்தது புல எண்தான். இன்றைய பட்டாவில் உள்ள எண்ணைக் கொடுத்துப் பழைய அட்டவணையில் தேடச் சொன்னோம். இல்லை என்று திருப்பினார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண்கள் மாறிவிட்டதும், அதற்கு முந்தைய பத்திரத்தில் பழைய எண்ணே இருக்கும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உரிய ஒப்பீட்டு விவரத்தையும், ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டின் பகர்ப்பையும் (நகல்) வாங்கிய பிறகே வழி திறந்தது. இனாம் (மானியக்) கிராமமாக இருந்த ஊர்களில் அதற்கும் முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண் வரக்கூடும்.

அளவையும் சரிபாருங்கள். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி என்பது 12 அடிக் கோலால் அளந்த 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. (மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒன்று என்பது பொருள்.) எனவே ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், பட்டாவின் கணக்கில் சுமார் 13.4 ஏர் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்). ஒன்பது மாவுக்கு 1.20 ஹெக்டேர் வர வேண்டும். உங்கள் பட்டாவில் எவ்வளவு இருக்கிறது?

குடமுருட்டி:

வழக்கறிஞர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நகல் கிடைத்தாலும் அது தாத்தாவின் உரிமையைத்தான் காட்டும். அவருக்குப் பின் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்க்காமல் பட்டா உங்கள் பெயருக்கு வராது. வந்தாலும் பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேயன்றி உரிமையை உண்டாக்கும் ஆவணமன்று.

1989-க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பங்கில்லை என்று நம் ஊர்களில் இன்றும் உறுதியாகப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தத் திருமண வரம்பும் கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்குள்ள பிறப்புரிமையைப் பற்றியவை. உங்கள் தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம் அவருடைய தனிச்சொத்து. அவர் உயிலின்றி இறந்ததால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி பாட்டி, உங்கள் அப்பா, இரண்டு அத்தையர் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. பாட்டியின் காலத்துக்குப் பின் அவருடைய கால் பங்கு மூன்று மக்களுக்கும் சேர, ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று ஆகிறது. அப்பாவின் மூன்றில் ஒன்று அம்மா, நீங்கள், தங்கை ஆகிய மூவருக்கும் உரியது. அத்தையரின் திருமணம் எந்த ஆண்டில் நடந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவர்களிடம் முதலில் போய் உண்மையைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம், பங்கு வேண்டுமென்றால் பாகப்பிரிவினை. எதுவானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். குடும்ப உறுப்பினருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு. அத்தைக்கும் அண்ணன் மகனுக்கும் இடையே அது எப்படிப் பொருந்தும் என்பதை எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா மூவரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். பத்திரம் அழிந்ததைக் காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றும் பெற்று வையுங்கள். பின்னாளில் வங்கியோ வாங்குபவரோ மூலப் பத்திரம் எங்கே என்று கேட்கும்போது அது உதவும்.

டெல்டாவில் வில்லங்கச் சான்று காட்டாத இரண்டு செய்திகளையும் பார்த்துவிடுங்கள். ஒன்று, குத்தகை. 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி யாராவது உழுகுடியாகப் பதிவாகியிருக்கிறாரா என்பது வருவாய்த்துறையின் குத்தகைப் பதிவேட்டில்தான் தெரியும். மற்றொன்று, அ-பதிவேட்டில் கோயில் அல்லது மடத்தின் பெயர் இருக்கிறதா என்பது. இருந்தால், அத்தகைய நிலத்தின் பத்திரத்தைப் பதிவு செய்யத் தடை விதிக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு குறுக்கே வரும்.

வெண்ணாற்றங்கரை:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கீழண்டை வயல்காரரிடம் 1957-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தைப் பார்த்ததில், நாங்கள் மனுக் கொடுக்க எண்ணியிருந்த அலுவலகம் அன்று எங்கள் ஊருக்கு உரியதே அன்று என்பது தெரிந்தது. சரியான இடத்தில், விற்றவர் பெயரில் தேடியபோது பதிவு கிடைத்தது. தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் அப்பெயரில் தேடியபோது முதலில் அகப்படவில்லை. குத்தகைப் பதிவேட்டிலும் அ-பதிவேட்டிலும் தடை எதுவும் இல்லை.

நகலைப் படித்த பிறகு புதிய சிக்கல் ஒன்று தெரிகிறது. பத்திரத்தில் இரண்டு புல எண்கள்: ஒன்றில் எட்டு மா, வாய்க்காலை ஒட்டிய மற்றொன்றில் ஒரு மா. பட்டாவில் 1.07 ஹெக்டேர்தான் இருக்கிறது, அதாவது எட்டு மா. அந்த ஒரு மாவை இன்றுவரை நாங்கள்தான் உழுகிறோம், ஆனால் அது வேறொருவர் பட்டாவில் சேர்ந்திருக்கிறது. பத்திரம் தொலையாமல் இருந்திருந்தால் நாங்கள் யாரும் அதைத் திறந்து படித்திருக்கவே மாட்டோம் என்று அம்மா சொன்னார்.

பழைய பத்திர எழுத்தர்:

தம்பி, அது மேம்பாட்டுத் திட்டக் காலத்துப் பிழையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தப் பட்டாதாரரின் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய் நகலைக் காட்டுங்கள். அவருக்கே அது தெரியாதிருக்கலாம். பிறகு பழைய பதிவேட்டின் பகர்ப்பு, ஒப்பீட்டு விவரம், இந்த நகல் மூன்றையும் இணைத்து, பிழை திருத்தக் கோரிக் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். மாவட்ட வருவாய் அலுவலருக்கு அனுப்ப வேண்டியதாக இருந்தால் அங்கேயே சொல்வார்கள். விடுதலைப் பத்திரம் எழுதும்போது இரண்டு புல எண்களையும், பழையதும் புதியதுமாக, சொத்து விவரத்தில் தவறாமல் சேருங்கள். எட்டு மாவுக்கு மட்டும் எழுதிவிட்டால் அந்த ஒரு மாவுக்காக அத்தையரை மீண்டும் அழைக்க வேண்டிவரும்.

வெண்ணாற்றங்கரை:

அப்படியே செய்கிறேன், ஐயா. பெரிய அத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். சின்ன அத்தை நகலை வாங்கி நெடுநேரம் படித்துவிட்டு, தமக்கும் ஒரு படி வேண்டும் என்றார். பங்கைப் பற்றி யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். அவருடைய பங்கு அவருக்கு உரியதுதான் என்று நானும் அம்மாவும் சொல்லிவிட்டு வந்தோம். சம்பா அறுவடை முடிந்ததும் அனைவரும் சேர்ந்து உட்காருவதாக முடிவாகியிருக்கிறது.