பொருள்: ஓவர்ஃப்ளோ – வழிதலா, மீறலா, கோடிபோதலா?

தரமணியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் பொறியியல் பயிலும் முதலாண்டு மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புள்ளி வைத்த எண் கணினியில் அடங்கும் எல்லையைத் தாண்டிப் பெரிதாகிவிடுவதைக் குறிக்கும் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் ஓவர்ஃப்ளோ' என்பதற்கான இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நேற்று ஒரு மாணவர், 171 பேரில் இருவரை எத்தனை வகையில் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் காரணீயப் பெருக்கங்களைக் (ஃபாக்டோரியல்: 1 முதல் அந்த எண் வரையிலான எண்களின் பெருக்கல்) கொண்டு சி மொழியில் கணக்கிட்டார். விடை 14,535தான், திரையில் வந்ததோ 'ஐஎன்எஃப்'. 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்ணில் 170இன் காரணீயப் பெருக்கம் வரை அடங்கும், 171இனுடையது அடங்காது. நிரல் நிற்கவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. ஆகவே அவர் அதை 'இன்ஃபர்மேஷன்' என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொண்டார். 'மிதவைப்புள்ளி வழிதல்' என எழுதிவிடலாமா?

பெரம்பூரிலிருந்து:

அம்மா, வழிதல் பாலுக்கும் பானைக்கும் உரியது. எண்ணுக்கு உரிய சொல் நம் ஏரிக்கரையிலேயே கிடக்கிறது. ஏரி நிரம்பினால் வடமாவட்டங்களில் 'கோடி போகிறது' என்பார்கள், தெற்கே 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். கோடு என்றால் வளைவு, கரை. கோடி என்றால் முனை, எல்லை. பேரெண்ணுக்கும் அதுவே பெயர். நீரும் எண்ணும் ஒரே சொல்லில் கூடும்போது 'கோடிபோதல்' என்பதை விட்டு வேறெங்கே போவது? 'மிதவை'யும் எனக்கு உவப்பில்லை. சங்கப் பாட்டில் மிதவை என்றால் கூழ்.

அம்பத்தூரிலிருந்து:

ஐயா, 'கோடிபோதல்' என்று படித்தால், யாருடைய பணமோ போய்விட்டது என்றுதான் பையன்கள் நினைப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 'உபரிநீர்' என்ற சொல்லை அறியாத வீடு சென்னையில் இல்லை; 'உபரி' போதாதா? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் வெடித்ததும் இதே பிழையால்தானே, அதையும் கையேட்டில் சேருங்கள்.

பெரம்பூரிலிருந்து:

'உபரி' வடசொல்.

மயிலாப்பூரிலிருந்து:

ஏரியான் செய்தியைச் சேர்ப்பதானால் திருத்திச் சேருங்கள். அங்கே 64 பிட் மிதவைப்புள்ளி எண் நலமாகவே இருந்தது. அதை 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்ததுதான் கோளாறு.

ஏரி உவமையிலேயே எனக்கு ஐயம் உண்டு. செம்பரம்பாக்கத்தில் 24 அடிக்கு மேல் வரும் நீர் வெளியேறினாலும் 24 அடி நீர் ஏரியில் நிற்கும். இங்கே அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. மிதவைப்புள்ளி எண்களுக்கென 1985இல் வந்த ஐட்ரிபிள்இ 754 தரத்தின்படி 64 பிட்டில் கூட்டல்-கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னப் பகுதிக்கு 52 என இடம் ஒதுக்கப்பட்டிருக்க, பத்தின் 308ஆம் அடுக்கைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கைத் தாண்டியதும் அடுக்குக்கு இடம் போதாமல், இருந்த எண் முழுவதும் அழிந்து, அதன் இடத்தில் முடிவிலி (திரையில் வந்த 'ஐஎன்எஃப்', அதாவது 'இன்ஃபினிட்டி') வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப்பின் அந்த மாணவர் 169இன் காரணீயப் பெருக்கத்தால் வகுத்தும் பயனில்லை. முடிவிலியை எந்த எண்ணால் வகுத்தாலும் முடிவிலிதான். மீறுவது இலக்கம் அன்று, அடுக்கு. ஆகவே 'அடுக்கு மீறல்' என்பேன். எண் அளவுமீறிச் சிறிதாகிவிடும் 'அண்டர்ஃப்ளோ'வுக்குக் 'கீழ்வழிதல்' என்று எழுதி ஓட்டைக் குடத்தை நினைவூட்டாமல் 'அடுக்குத் தாழ்தல்' என்றும் சொல்லிவிடலாம்.

தரமணியிலிருந்து:

ஐயா சொல்வது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் முழு எண்களைப் பற்றிய முன் இயலில் 'வழிதல்' ஏற்கெனவே பக்கம் கட்டி முடிந்துவிட்டது. எனவே தலைப்பில் 'வழிதல்' இருக்கும், விளக்கத்தில் 'அடுக்கு மீறல்' வரும். நால்வர் தனிமடலில் இதற்கு இசைந்துள்ளார்கள். மூவர் 'எதையாவது போடுங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள்.

பெரம்பூரிலிருந்து:

அச்சேறினாலும் என் வாக்கு 'கோடிபோதல்' என்பதற்கே. இன்னொன்று: நீங்கள் அனுப்பிய வரைவில் மூன்று இடங்களில் 'மிதவை புள்ளி' என்றே இருக்கிறது. அங்கே ஒற்று மிகும், அம்மா.