கொடை விழா தலைப்பில் கொம்பு இடம் மாறி வருது, அலங்கார ஃபான்ட் எடுக்கவே மாட்டேங்குது

கருங்கல்_டிசைன்:
அம்மன் கோவில் கொடைக்கு 10 x 6 அடி ஃபிளெக்ஸ். போட்டோஷாப் சிசி 2017. தலைப்புக்கு 'பலூ தம்பி 2' போட்டேன். 'கொடை'யில் க-வுக்குப் பின்னாடி கொம்பும் காலும் சேர்ந்து நிக்குது, ட-வுக்குப் பின்னாடி இணைக்கொம்பு. நோட்பேடில் அதே வரி சரியா இருக்கு. சரின்னு கையில் இருந்த பாமினி வகை அலங்கார ஃபான்டுக்கு மாத்தினா ஒண்ணும் மாறல, ஏதோ மெலிஞ்ச எழுத்துதான் வருது. ராத்திரிக்குள்ள பிரிண்டுக்குப் போகணும், அண்ணன்மாரே.

குழித்துறை_பிரஸ்:
நோட்பேடில் சரியா வந்தா ஃபான்ட் மேல குத்தம் இல்ல. யூனிகோடில் (எல்லா ஃபான்டுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) க முதல்லயும் குறி அடுத்தும்தான் பதிவாகும். கொம்பை முன்னாடி கொண்டு வைக்கிறது மென்பொருள் வேலை. உங்க போட்டோஷாப்பில் அது அணைஞ்சு கிடக்கு.

எடிட் > பிரிஃபரன்சஸ் > டைப் போங்க. டெக்ஸ்ட் எஞ்சினில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' வைச்சு போட்டோஷாப்பை மூடித் திறங்க. இதோட நிறுத்திட்டா பழைய லேயர் அப்படியேதான் இருக்கும். அந்த டெக்ஸ்ட் லேயரைத் தேர்ந்து, பாராகிராஃப் பேனல் மூலையில் இருக்கிற மெனுவில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' கொடுக்கணும். பாதிப் பேர் தவற விடுறது இந்த இடத்தைத்தான்.

போட்டோஷாப் 7 வச்சிருக்கவங்களுக்கு இந்த வழியே கிடையாது. இங்க்ஸ்கேப்னு ஒரு வரைகலை மென்பொருள்ல அடிச்சு, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து (எழுத்தை வெறும் வடிவமா மாத்துறது), பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாங்க.

நாஞ்சில்_எழுத்து:
பாமினி சங்கதி வேற. பாமினியில் 'கொடை' என்பது உள்ளுக்குள்ள என், எஃப், எச், ஐ, எல் என்ற அஞ்சு ஆங்கில எழுத்துதான். அந்த இடங்கள்ல தமிழ் உருவத்தை வரைஞ்சு வைச்சிருக்கு. நீங்க ஒட்டினது யூனிகோட். அதுக்குரிய உருவம் அந்த ஃபான்டில் இல்லாததால சிஸ்டம் வேற ஃபான்டைக் காட்டுது. என்எச்எம் கன்வெர்ட்டர்னு குறியீடு மாத்துற மென்பொருள்ல யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாத்தி ஒட்டுங்க. நடுவுல ஆங்கிலச் சொல் இருந்தா தனி லேயர்ல வைங்க, இல்லன்னா அதுவும் தமிழ்க் கிறுக்கலா மாறிடும்.

என்னைக் கேட்டா, தூரத்திலிருந்து படிக்கிற தலைப்புக்கு பலூ தம்பியே போதும். 'காயினி'யும் தடிமனா நிக்கும். 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்து, அழகுதான்; ஒரே தடிமன், அதுவும் மெலிசு. நோட்டீசுக்கு ஆகும், ரோட்டோர ஃபிளெக்சுக்கு ஆகாது. நீளத் தலைப்புன்னா 'அனெக் தமிழ்' கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டு (அகலம் குறைஞ்ச, நல்ல தடிமனான வகை). எல்லாமே ஓஎஃப்எல்னு சொல்ற திறந்த ஃபான்ட் உரிமம், காசு வாங்கிச் செய்ற வேலைக்கும் தடையில்ல. கூகுள் ஃபான்ட்ஸ் ஜிப்பில் 'ஸ்டாட்டிக்' ஃபோல்டர் இருந்தா அதையே இன்ஸ்டால் பண்ணுங்க. சிசி 2017க்கு வேரியபிள் ஃபான்ட் (எல்லாத் தடிமனும் ஒரே ஃபைலில் இருக்கிறது) சரிப்படாது.

கருங்கல்_டிசைன்:
கொம்பு சரியாயிட்டு! ஆனா டிராக்கிங் (எழுத்து இடைவெளி) 60 கொடுத்தா 'கோவில்' உடையுது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

குழித்துறை_பிரஸ்:
உடையத்தான் செய்யும். 'கோ'வுக்குள்ள மூணு துண்டு இருக்கு, டிராக்கிங் மூணுக்கும் நடுவுல இடம் விடும். டிராக்கிங் 0, கெர்னிங் (ரெண்டு எழுத்துக்கு நடுவுல உள்ள இடைவெளி) 'மெட்ரிக்ஸ்' வைங்க. அகலம் வேணும்னா டைப் > 'கன்வர்ட் டு ஷேப்' கொடுத்து, மூணு துண்டையும் சேர்த்துப் பிடிச்சு நகர்த்துங்க. ஃபோ போல்டு (மென்பொருளே செயற்கையா தடிமனாக்குறது) வேண்டவே வேண்டாம், சுழி அடைஞ்சு போகும்.

மார்த்தாண்டம்_கட்டிங்:
வெள்ளை அவுட்லைனை கோரல்டிரா மென்பொருள்ல போடுறதா இருந்தா கார்னரை 'ரவுண்ட்' ஆக்குங்க, இல்லாட்டி கூர் முனையில முள்ளு நீட்டும். 'பிஹைண்ட் ஃபில்' டிக் பண்ணலன்னா கோடு எழுத்தைத் தின்னும். வினைல் வெட்டுறதுன்னா கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கின பிறகு ஒவ்வொரு எழுத்தா 'வெல்ட்' பண்ணணும், அதாவது துண்டுகளை ஒண்ணாச் சேர்க்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறின பாத் இருந்தா பிளேடு எழுத்துக்கு நடுவுலயும் ஓடிரும்.

கருங்கல்_டிசைன்:
பிரஸ்சுக்கு பிஎஸ்டியே (போட்டோஷாப் ஃபைல்) அனுப்பலாமா?

குழித்துறை_பிரஸ்:
தலைப்பை ஷேப் ஆக்கிட்டு அனுப்புங்க. அங்க இந்த ஃபான்ட் இல்லாம யாராவது லேயரை 'அப்டேட்' கொடுத்தா வேற எழுத்தாயிடும். திருத்துறதுக்கு டெக்ஸ்ட் இருக்கிற நகல் ஒண்ணு உங்க கையில இருக்கட்டும், கமிட்டிக்காரங்க கடைசி நேரத்துல தேதி மாத்துவாங்க.