குழுவாரிச் சிறும நிரை: சொல் முன்மொழிவுக்கு மறுமொழி

> ‘குழுக் குறைமதிப்பு’ என்றே வைத்துவிடலாமே, ஐயா? சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம். தரவுதள அட்டவணையில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு நிரலின் (காலம்) மதிப்பு மிகக் குறைவாக உள்ள நிரையை (ரோ) எப்படி அழைப்பது என்பதுதான் பேச்சு.

சுருக்கம்தான். ஆனால் அது மதிப்பை மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்த மதிப்பு உட்கார்ந்திருக்கும் முழு நிரை. வினவல் எழுதுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். சொல்லே அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம் பக்கத்து அட்டவணையாகவே பார்ப்போம். சம்பா கொள்முதல்: நிலையம், ரகம், ஈரப்பதம், மூட்டை. மன்னார்குடி நிலையத்துக்கு மூன்று நிரைகள் என்று வைத்துக்கொள்வோம்.

சிஆர் 1009, 16.8, 60
பிபிடி 5204, 15.2, 45
டிகேஎம் 13, 15.2, 80

எஸ்க்யூஎல் வினவலில் நிலையத்தை வைத்து ‘குரூப் பை’ (குழுவாக்கு) போட்டு ஈரப்பதத்துக்கு ‘மின்’ (சிறுமம்) எடுத்தால் 15.2 வந்துவிடும். எந்த ரகம், எத்தனை மூட்டை என்பது வராது. வேண்டிய நிரல்களைச் சொல்லும் ‘செலக்ட்’டில் ரகத்தையும் சேர்த்தால் போஸ்ட்கிரெஸ் தரவுதளம் பிழை காட்டி நிறுத்திவிடும். மைஎஸ்க்யூஎல் 5.7.5க்கு முந்தைய பதிப்புகள் இயல்பமைப்பில் நிறுத்தாமல், 15.2க்குப் பக்கத்தில் சிஆர் 1009ஐக்கூட எழுதிவிடும். பிழைச்செய்தியே இல்லாத பிழை என்பதால் அறிக்கை அப்படியே மேலே போய்விடும். எஸ்க்யூலைட்டோ 3.7.11 முதல், சிறுமம் உள்ள நிரையின் ரகத்தையே எடுத்துத் தருகிறது. அதில் பழகிய கை வேறு தரவுதளத்துக்குப் போகும்போது கவனம் வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: மதிப்புக்கு ‘குழுவாரிச் சிறுமம்’, நிரைக்கு ‘குழுவாரிச் சிறும நிரை’. மாவட்டவாரி, வட்டவாரி என்று நாளும் புழங்குகிறோம். பெருமம், சிறுமம் பள்ளிக் கணக்கிலேயே உண்டு.

> ‘நிரை’ எதற்கு? விரிதாளில் எல்லாரும் ‘வரிசை’ என்றுதானே சொல்கிறார்கள்?

‘ஆர்டர் பை’க்கு வரிசைப்படுத்து என்கிறோம். ‘வரிசைகளை வரிசைப்படுத்தி முதல் வரிசையை எடு’ என்று பாடம் எழுதினால் படிப்பவர் திணறிப்போவார். அணிக்கோவைப் பாடத்தில் நிரையும் நிரலும் ஏற்கெனவே படித்தவைதான்.

> மேலே 15.2 இரண்டு முறை வருகிறதே, அங்கே என்ன செய்வது?

நல்ல கேள்வி, ஒருமை பன்மையை இங்கே கண்டிப்பாகக் காக்க வேண்டும். சிறுமத்தைத் துணைவினவலில் எடுத்து, நிலையம், ஈரப்பதம் இரண்டையும் பொருத்தி அட்டவணையோடு இணைத்தால் பிபிடியும் டிகேஎம்மும் வரும். நிலையவாரியாகப் பகுத்து ஈரப்பத ஏறுமுகத்தில் ‘ரேங்க்’ (சமமானவற்றுக்கு ஒரே எண்) 1 கேட்டாலும் அப்படியே. இவை ‘சிறும நிரைகள்’. ‘ரோ நம்பர்’ (நிரைக்கு ஒரு தனி எண்) 1 கேட்டால் ஒன்றுதான் வரும். எது வரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஈரப்பதத்துக்கு அடுத்து மூட்டையை இறங்குமுகமாகவும், அதுவும் சமமானால் பதிவு எண்ணையும் ‘ஆர்டர் பை’யில் சேர்த்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே விடை. மைஎஸ்க்யூஎல்லில் இந்த இரு சாளரச் செயற்கூறுகளும் 8.0 முதல்தான் உண்டு. போஸ்ட்கிரெஸ்காரர்களுக்குக் குழுவுக்கு ஒரே நிரை தரும் ‘டிஸ்டிங்க்ட் ஆன்’ இன்னும் குறுக்குவழி.

இன்னொன்றையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ஈரப்பதம் அளக்காமல் வெற்றாக விட்ட நிரையை ‘மின்’ கணக்கிலேயே எடுக்காது. ‘ரோ நம்பர்’ விடாது. ஏறுமுகத்தில் மைஎஸ்க்யூஎல் வெற்று மதிப்பை முதலில் வைக்கும், போஸ்ட்கிரெஸ் கடைசியில் வைக்கும். அளக்காத நெல் ‘மிகக் காய்ந்த நெல்’ என்று முதலிடம் பிடிப்பது இப்படித்தான். வெற்று நிரைகளை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள்.

வேகத்துக்கு நிலையம், ஈரப்பதம் என்ற இதே ஒழுங்கில் ஒரு கூட்டுச் சுட்டெண் (இண்டெக்ஸ்) போட்டுப் பாருங்கள்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

குழுவாரிச் சிறும நிரை: ஒரு குழுவில், குறித்த நிரலின் மதிப்பு வெற்றாக இல்லாமல் மிகக் குறைவாக உள்ள நிரை. சமநிலை இருப்பின் நிரைகள். ஒன்றே வேண்டுமெனில் சமநிலை முறிக்கும் நிரலையும் குறிப்பிடுக. எதிர்: குழுவாரிப் பெரும நிரை.

‘சமநிலை முறிக்கும் நிரல்’ சற்று நீளம். இதைவிடக் கச்சிதமான சொல் இருந்தால் எழுதுங்கள்.