பில்லில் ஏறிய பருப்பு பைக்கு வரவில்லை: ரேஷன் கடை அனுபவங்களைச் சொல்லுங்கள்

போன மாதம் ரேஷன் வாங்கி வந்த அன்று கைபேசிக்கு வழக்கமான குறுஞ்செய்தி வந்தது. அரிசி 20 கிலோ, சர்க்கரை 2 கிலோ, பாமாயில் 1 லிட்டர், துவரம் பருப்பு 1 கிலோ. மொத்தம் 105 ரூபாய். என் மனைவி கொடுத்ததோ 75. சர்க்கரைக்கு 50, பாமாயிலுக்கு 25, அரிசி இலவசம், கணக்கு சரி. "பருப்பு இன்னும் வரலைம்மா, இருபதாம் தேதிக்கு மேல வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த 30 ரூபாயைக் கட்டியது யார்?

கடையில் கேட்டேன். "எல்லாத்துக்கும் சேர்த்துதான் சார் பில் விழும், பருப்பு வந்ததும் எடுத்து வைக்கிறேன்" என்றார் விற்பனையாளர். பிஓஎஸ் இயந்திரத்தில் ஒவ்வொரு பொருளாகத் தேர்வு செய்துதான் பில் போடுகிறார்கள் என்பதை வரிசையில் நிற்கும் யாரும் பார்க்கலாம். வெளியே கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பருப்பு இங்கே 30 ரூபாய். ஏன் ஏறியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ரேஷன் புகார் எண்ணான 1967-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தேன். மறுநாளே பருப்பு வந்துவிட்டது! உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

நான் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவன். கூட்டுறவு சங்கக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மேலே சொன்னது தப்புதான், மழுப்ப வரவில்லை. ஆனால் கிடங்கிலிருந்து வரும் மூட்டையைப் பற்றியும் பேச வேண்டும். 50 கிலோ என்று கையெழுத்துப் போட்டு இறக்குவோம். பிறகு எடை போட்டால் இரண்டு கிலோ வரை குறையும். கொக்கி போட்டு இழுத்ததில் சாக்கு கிழிந்து லாரியிலேயே சிந்தியிருக்கும், அல்லது ஏற்றும்போதே குறைந்திருக்கும். லாரிக்காரர் நின்று எடை போட விடமாட்டார். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் இருப்புக் குறைவுக்கு அபராதம் எங்கள் தலையில். அந்தக் குறையை எங்கே ஈடுகட்டுவார்கள்? 20 கிலோ வாங்கும் அட்டையில் அரைக்கிலோ, ஒரு கிலோ.

இப்போது மின்னணுத் தராசை ப்ளூடூத் வழியாக பிஓஎஸ்ஸோடு இணைத்திருக்கிறார்கள். தராசில் எடை சரியாக நின்றால்தான் பில் நகரும். வரிசை நீளுகிறது, திட்டு வாங்குகிறோம் என்று இன்று வேலையில் இருப்பவர்கள் புலம்புகிறார்கள். அது நல்ல ஏற்பாடு என்றே நான் சொல்வேன். ஆனால் கடையில் இறக்கும்போது ஒவ்வொரு மூட்டையையும் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுக்காதவரை பாதிக் கதைதான் சரியாகும்.

*

எங்கள் ஆத்தாவுக்கு எடையெல்லாம் பிரச்சினை இல்லை, விரல்தான் பிரச்சினை. காலமெல்லாம் களையெடுத்த கை, ரேகையே கிடையாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு "சர்வர் எடுக்கல, நாளைக்கு வா பாட்டி" என்று அனுப்பிவிடுவார்கள். உரிமை உள்ள ஆளுக்குப் பொருள் போகாததும் கணக்குத் தப்புதானே? வேறொருவர் வாங்கித்தர அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிக் கொடுத்தோம்.

*

அட்டை வகையையும் பாருங்கள். எங்கள் அத்தை கணவரை இழந்தவர், தனி ஆள், கூலி வேலை. அவருக்கு முன்னுரிமையற்ற அட்டை, மாதம் 12 கிலோ அரிசி. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. அதே தெருவில் கார் நிற்கும் வீட்டில் முன்னுரிமை அட்டை இருக்கிறது. அவர்கள் அந்த அரிசியைக் கோழிக்குப் போடுகிறார்கள், அது வேறு கதை.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அப்புறம் விசாரிக்கப் போனால் அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் மறுபடி கொடுத்து, கையோடு ரசீது வாங்கினோம். வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அட்டை இன்னும் மாறவில்லை, அடுத்த முகாமுக்கும் போகப்போகிறோம்.