பழைய டிவிடி ரெக்கார்டரிலிருந்து வீடியோக்களை எடுக்க உதவி வேண்டும் (பெங்களூரு)

வணக்கம் நண்பர்களே, அல்சூரில் இருக்கிறோம். அப்பாவின் டிவிடி, ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டரில் விஎச்எஸ் கேசட்டிலிருந்து ஏற்றிய குடும்ப வீடியோக்கள் உள்ளன. பாட்டியின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் நன்றாக ஓடுகிறது. டிவிடி டிரைவ்தான் எந்த வெற்று டிஸ்க்கையும் ஏற்க மறுக்கிறது; லென்ஸைத் துடைத்தும் பலனில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டச் சொல்கிறார்கள். எனக்குத் துணிவில்லை. இந்த ரெக்கார்டர்கள் பெரும்பாலும் தங்களுக்கே உரிய முறையில் எழுதுபவை, விண்டோஸ் படிக்காமல் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும்.

அதனால் வீடியோவை ஓடவிட்டு, எஸ்-வீடியோ ஒயர் வழியாக யுஎஸ்பி கேப்சர் கருவியில் (ஓடும் வீடியோவைக் கணினியில் பதிவு செய்யும் கருவி) பிடிக்க நினைக்கிறேன். சாதாரண மஞ்சள் வீடியோ ஒயரைவிட அதில் படம் தெளிவாக வரும். அந்தக் கருவி யாரிடமாவது இரவல் கிடைக்குமா? அப்புறம், எஸ்.பி. ரோட்டில் இந்த டிரைவைச் சரிசெய்யும் நம்பகமானவர் யாரையாவது தெரியுமா?