டேட்டாபேஸ் சர்வருக்கு எந்த டிஸ்க் வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) சர்வர் இன்னும் இரண்டு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறது. டேட்டா மொத்தமே 300 ஜிபி. ஆனால் மாதக் கடைசியில் பில் போடும்போது ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காக சிபியு சும்மா காத்திருக்கும் நேரம்) 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதிவது) டிஸ்க் மூச்சு வாங்குகிறது. ராம் கூட்டிப் பார்த்தோம். படிப்பது வேகமானது, எழுதுவது அப்படியேதான்.

கையில் காசு குறைவு. சாதாரண என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) இரண்டு வாங்கி ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா) போடலாமா, இல்லை செகண்ட் ஹேண்ட் என்டர்பிரைஸ் (சர்வர்களுக்கென்றே செய்த) சாட்டா எஸ்எஸ்டியா? முதலாவதில் கரண்ட் போனால் காப்பாற்றும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் இருக்காது, எஃப்சிங்க் (டேட்டாவை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) அடிக்கடி வந்தால் வேகமும் படுத்துவிடும். இரண்டாவதில் எவ்வளவு தேய்மானம் என்பதற்கு ஸ்மார்ட் ரிப்போர்ட்டை (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்வது) மட்டும் நம்பலாமா? (டேட்டாவை மீட்புத் தகவலோடு பல டிஸ்க்கில் பிரித்து எழுதும் ரெய்டு 5 வேண்டாம், சின்ன ரைட் ஒன்றுக்கே நாலு தடவை டிஸ்க்கைத் தொடும்.) இப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.