பாட்டிக்கு 80: குடும்பக் குழு

ராணி அத்தை: வருகிற ஞாயிறு அம்மாவுக்கு 80 நிறைகிறது. செந்தோசா தீவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஹா பார் வில்லாவுக்குக் கூட்டிப்போ, உன் அப்பாவோடு போன இடம்" என்கிறார்.

குமார்: அது இன்னும் இருக்கிறதா?

வித்யா: எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தானே!

செல்வம் பெரியப்பா: குமார், கேள். 1937-இல் ஆவ் பூன் ஹா தன் தம்பி பூன் பாருக்காகச் சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் குன்றில் மாளிகை கட்டி, சுற்றிலும் சிலைத் தோட்டம் அமைத்தார். எல்லாம் டைகர் பாம் தைலம் விற்ற பணம். போர் வந்தது, தம்பி 1944-இல் ரங்கூனில் இறந்துவிட்டார். அண்ணன் திரும்பிவந்து, பாழடைந்து கிடந்த மாளிகையை இடித்தார். சிலைகளை மட்டும் விடவில்லை. 1954-இல் சாகும்வரை புதிது புதிதாகச் செய்யவைத்தார். டிக்கெட் கிடையாது. அதனால்தான் துறைமுகச் சம்பளத்தில் அப்பாவால் நம் எல்லோரையும் அழைத்துப்போக முடிந்தது.

மணி சித்தப்பா: தம்பிக்கு மாளிகை கட்டிய அண்ணன். எல்லோரும் கவனிக்கவும்.

சாந்தி பெரியம்மா: மணி, வீட்டுக் கதையை இங்கே எடுக்காதே.

ராணி அத்தை: மனிதத் தலை வைத்த நண்டுச் சிலை ஒன்று உண்டு. அதன் முன்னால் நான் அழுதுகொண்டு நிற்கும் படம் எங்கே? ஆல்பம் மணியிடம்தானே இருந்தது?

மணி சித்தப்பா: வீடு மாறியபோது அண்ணி எடுத்துவைத்தார்.

சாந்தி பெரியம்மா: நான் எடுத்தது வெள்ளித் தட்டுகள் மட்டும்.

வித்யா: பெரியப்பா, நரகக் காட்சி அப்போதே உண்டா?

செல்வம் பெரியப்பா: உண்டு. சீனக் கதைகளில் வரும் நரகம், செய்த பாவத்துக்குத் தண்டனை தரும் பத்து மன்றங்கள். பெரியவர்களை மதிக்காதவனுக்கு மூன்றாவது மன்றத்தில் நெஞ்சை அறுத்து இதயத்தை எடுப்பார்கள். அப்பா எங்களை அங்கேதான் அதிக நேரம் நிறுத்திவைப்பார். வம்பு பேசி மூட்டிவிடுகிறவர்களின் நாக்கை இழுப்பது ஏழாவதில்.

ராணி அத்தை: ஏழாவதில் நம் குழுவே நிற்கும்.

மணி சித்தப்பா: எனக்கு அந்தப் பெரிய டிராகன் உருவம்தான் நினைவு. வயிற்றுக்குள் படகில் போவோம்.

செல்வம் பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். 1985-இல் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1990-இல் டிராகன், படகு எல்லாம் வைத்துத் திறந்து, நுழைவுக் கட்டணமும் போட்டார்கள். அதுவரை சும்மா பார்த்த சிலைகளுக்குக் காசு கேட்டால் எத்தனை பேர் மறுபடி வருவார்கள்? நட்டம். 1998-இல் கட்டணத்தை எடுத்தார்கள். பிறகு படகும் போனது, டிராகனும் போனது. சிலைகள் நின்றன.

ராணி அத்தை: ஜூரோங்கில் டாங் வம்ச நகரம் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்ததே?

செல்வம் பெரியப்பா: 1992-இல் திறந்தார்கள், 1999-இல் மூடிவிட்டார்கள். லாபத்துக்காகப் பணம் போட்டுக் கட்டியது. இங்கே ஒரு மனிதர் ஆசைப்பட்டு, பார்க்கிறவர்கள் நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வேண்டும் என்று செய்தார். அதனால் சாயம் வெளுத்தாலும் மீண்டும் பூசுகிறார்கள். நரகம் மட்டும் 2021 முதல் தனி அருங்காட்சியகம், அதற்கு டிக்கெட் உண்டு. தோட்டம் இன்றும் இலவசம்.

குமார்: அப்படியானால் பாட்டிக்கு நரகம் வேண்டாம். பிறந்தநாள் அல்லவா?

ராணி அத்தை: அவருக்கு அதுதான் வேண்டுமாம். கடைசி மன்றத்தில் எல்லாவற்றையும் மறக்கவைக்கும் தேநீர் கொடுக்கும் கிழவியைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

வித்யா: மேடு ஏற வேண்டும். சக்கர நாற்காலி?

குமார்: நான் தள்ளுகிறேன். வெயிலுக்கு முன் போய்விட வேண்டும், 9 மணிக்கே.

சாந்தி பெரியம்மா: கேக்கில் முட்டை கூடாது.

ராணி அத்தை: போன வருடமும் இதையே சொன்னீர்கள் அண்ணி, கடைசியில் யாரும் வாங்கவில்லை.

சாந்தி பெரியம்மா: நான் கேசரி செய்துவருகிறேன்.

மணி சித்தப்பா: கேசரி போதாது, கேக்கும் வேண்டும்.

குமார்: வேனில் 11 பேர்தான் உட்காரலாம். மணி மாமா, நீங்கள் வருகிறீர்களா?

மணி சித்தப்பா: அண்ணன் கூப்பிட்டால் வருகிறேன்.

செல்வம் பெரியப்பா: குழுவில் போட்டால் எல்லோரையும் கூப்பிட்டது போலத்தானே?

மணி சித்தப்பா: சனிக்கிழமை சொல்கிறேன்.

குமார்: வேன்காரர் இன்றே கேட்கிறார்.